மூங்கில் வேலிக்கு வெளியே

ஓணான் தலையை ஆட்டுவது மனிதர்களைக் கேலி செய்யத்தான் என்று நெடுங்காலமாக நம்பப்பட்டு வருகிறது. இது மிகப் பெரிய பிழை. இந்தப் பிழையால் எத்தனையோ ஓணான்கள் கல்லடி பட்டிருக்கின்றன. ஆகவே பொறுப்போடு திருத்துகிறேன்: ஓணான் யாரையும் கேலி செய்வதில்லை. அது ஒரு தீர்மானத்தை ஆதரிக்கிறது.

நீலக்கரட்டுக் காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்தின் காரியங்களைப் பேசி முடிவு செய்ய ஓர் அவையும் இருந்தது. அவை கூடியது ஒரு மூங்கில் புதருக்குள்.

முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் உள்ளே உட்கார்ந்து கேட்கலாம். பிறகு கிளிகள் வந்தன. கேட்டதையெல்லாம் உரக்கத் திருப்பிச் சொல்லின. உறுப்பினர்களும் கிளிகளுக்காகவே பேசத் தொடங்கினார்கள். அரை நாள் கூட்டம் ஐந்து நாள் நீண்டது. அவைத் தலைவரான காட்டுப்பன்றி அலுத்துப்போய், வாசலை முள்ளால் அடைத்து, உடும்பைக் காவலுக்கு வைத்தது. அதன் பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. அதை மறுப்பதற்கில்லை.

கிழக்குக் கரை நாணலில் ஒரு கானாங்கோழி கூடு கட்டியிருந்தது. கூட்டில் ஆறு முட்டைகள். இன்னும் நான்கே நாளில் பொரிந்துவிடும். அந்தக் கோடையில் தண்ணீர் வற்றி உள்வாங்கியதால், பன்றிக் கூட்டத்துக்குப் புதிய பாதை தேவைப்பட்டது. கிழக்கு நாணல் வழியாகவா, மேற்குப் பாறை வழியாகவா? அதைத்தான் அன்று அவை பேசப்போகிறது.

முட்டைகளைக் கணவனிடம் விட்டுவிட்டு, கானாங்கோழி புதருக்கு ஓடியது.

“உடும்பு அண்ணா, ஓர் ஓரமாக நிற்கிறேன். விடுங்களேன்!”

“வெளியார் வரக்கூடாது!”

“நான் வெளியாள் இல்லை அண்ணா! என் வீட்டைப் பற்றித்தான் உள்ளே பேசுகிறார்கள்!”

“அதனால்தான் வரக்கூடாது! உங்கள் கரைக்கு ஓணான் உறுப்பினராக இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்வார். போ, போ!”

ஓணான் நல்லவர் என்றே கானாங்கோழி நம்பியது. ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும், “நாணலுக்காகப் பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது, அம்மா!” என்று சொல்லிக்கொண்டுதான் ஓணான் வெளியே வரும்.

அந்தப் பேச்சைக் கேட்க கானாங்கோழிக்கு எவ்வளவு ஆசை! மூங்கிலில் காதை வைத்தது. காற்று இலைகளை உரசும் ஓசைதான் கேட்டது. நடுவில் ஒரு முணுமுணுப்பு. அது தன் கூட்டைப் பற்றியதாக இருக்குமோ? ‘நாணல்’ என்ற ஒரு சொல், ஒரே ஒரு சொல் காதில் விழுந்தால் போதும் என்று அது ஏங்கியது. கழுத்தை நீட்டி நீட்டி நின்றது.

உள்ளே பன்றி கேட்டது: “கிழக்கு நாணல் காலியாகத்தானே இருக்கிறது?”

ஓணான் தலையை ஆட்டியது. “அங்கே யாராவது குடியிருக்கிறார்களா?” என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருக்கும்.

“அப்படியானால் கிழக்குப் பாதை!”

ஓணான் மறுபடியும் ஆட்டியது.

வெளியே, நாலு மூங்கில் தள்ளி, “ஐயோ, அங்கே முட்டைகள் இருக்கின்றன!” என்று கத்தியிருக்கக்கூடிய ஒரே ஆள் நின்றுகொண்டிருந்தது.

அவையின் அறிவிப்பாளரான மரங்கொத்தி மூங்கில் உச்சிக்கு ஏறி முடிவை அறிவித்தது. அறிவித்த கணமே முடிவு நடைமுறைக்கு வந்துவிடும் என்பது அந்தக் காட்டின் வழக்கம். தாகத்தோடு காத்திருந்த நாற்பது பன்றிகள் புறப்பட்டன. கானாங்கோழி அவற்றுக்கு முன்னால் கத்திக்கொண்டே ஓடியது. நூற்றறுபது குளம்புகளின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கணவன் மட்டும் பறந்து தப்பியது.

மாலையில் காட்டுப்பன்றியே தேடி வந்தது. அது கெட்ட பன்றி அல்ல.

“எனக்குத் தெரியவே தெரியாது, தாயே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான்கு நாள் பாறை வழியே போயிருப்போமே!”

“எங்கே வந்து சொல்வது, ஐயா?” என்றது கானாங்கோழி.

பன்றி மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது.

“ஒன்றே ஒன்று கேட்கட்டுமா? எங்களுக்காக உள்ளே யாராவது பேசினார்களா? ஒரு வார்த்தையாவது?”

பன்றி வாயைத் திறந்தது. பிறகு, “உள்ளே பேசுவதை வெளியே சொல்லக்கூடாது, தாயே. நான் போட்ட விதிதான்,” என்றது.

யாருக்காகப் பேசுகிறோமோ அவர்கள் காதுக்கு எட்டாத அவையில், தெரியவேண்டிய உண்மையும் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

புதிய பாதையால் பன்றிகளுக்குத் தண்ணீர் பன்னிரண்டு அடி கிட்டமாயிற்று.