சுல்தானின் மைசூர்பாகு

மில் முதலாளி நாச்சிமுத்து தன் நாய்க்குட்டி சுல்தானைப் பயிற்சி வகுப்பில் சேர்த்தார். மற்றவர்கள் தங்கள் குட்டிகள் கூப்பிட்டதும் ஓடி வந்தால் கொடுக்க, நகத்தளவு வேகவைத்த கோழிக்கறி கொண்டுவந்தார்கள். இவரோ நெய் வடியும் மைசூர்பாகை முழுசு முழுசாக ஊட்டினார். கூப்பிட்டால் சுல்தான் கொட்டாவி விட்டது.

நாயைப் பார்த்துக்கொள்ளும் மயிலாத்தாளிடம் கத்தினார்: "நாளைக்கு இது ஓடி வரோணும். இல்லீன்னா உனக்கு வேலையில்லை. மைசூர்பாகைத் தவிர வேறெதையும் காட்டப்படாது. என் கௌரவம் என்னாகறது?"

"ஆகட்டுங்க."

மறுநாள் வகுப்பில் அவருக்கு நாற்காலி போட்டு, சுல்தானுக்கு வைத்திருந்த மைசூர்பாகுத் தட்டை அவரிடமே நீட்டினாள். "ஒண்ணு எடுத்துக்கங்க. எனக்காக இன்னொண்ணு." எல்லோர் முன்னாலும் உபசரித்ததால் மறுக்க முடியாமல் தட்டைக் காலி செய்தார்.

பிறகு மைதானத்தின் மறுகோடியில் நின்று இன்னொரு மைசூர்பாகைத் தூக்கிக் காட்டினாள். "முதலாளி, ஓடி வாங்க!"

"அட போ புள்ள! எந்திரிக்கவே முடியலை. பார்த்தாலே குமட்டுது."

"சுல்தானும் அதையேதானுங்க சொல்லிட்டிருந்துச்சு. இப்பக் கறி காட்டலாமுங்களா?"

வகுப்பே சிரித்தது. முதலாளி வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

வெறும் வயிற்றோடிருந்த சுல்தான் ஒரே ஓட்டத்தில் அவளிடம் வந்தது. முதலாளியைக் கிளப்பத்தான் இரண்டு ஆள் வேண்டியிருந்தது.