பட்டுப் போல ஓடிய இன்ஜின்

கோவையில் இட்லிக்கடையை ஒட்டி மயிலாத்தாளின் கார் ஷெட். கட்டட ஓனர் தாமோதரசாமி தன் காருக்கு, பிஸ்டன் இல்லாமல் சுழன்றே ஓடும் ரோட்டரி இன்ஜினுக்கு, புது கார்புரேட்டர் ஒன்றை வாங்கிவந்து மாட்டச் சொன்னார். மாட்டிய நாளிலிருந்து தினமும் வந்து ஒரு குறை சொன்னார்.

"வண்டி நிக்கறப்ப ஐடிலிங் சத்தம் பட்டு மாதிரி இருக்கோணும். என் காதை யாரும் ஏமாத்த முடியாது. இன்னைக்குச் சரியாகலைன்னா ஷெட்டைக் காலி பண்ணு!"

"சரிங்க, கண்ணை மூடிட்டுக் கேளுங்க" என்று மயிலாத்தாள் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகினாள்.

"இல்ல... இல்ல..." என்று தலையாட்டியவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "இதேதான்! பொழச்சுப் போ, ஷெட்டு உனக்குத்தான். இனி இதுல யாரும் கை வைக்கப்படாது!"

"நான் வைக்கலீங்க. இன்ஜினை அப்பவே ஆஃப் பண்ணிட்டேன். இட்லிக்கடை அக்காகிட்டத்தான் சொல்லோணும், கிரைண்டரை நிறுத்தி மாவை வழிச்சிராதீங்கன்னு."