மூணு ஏபி

கணக்கு வாத்தியார் தணிகாசலத்துக்குப் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவைப் பார்த்தாலே வயிறு எரியும். தற்காலிக ஆசிரியையாக வந்து ஆறே மாதமான அமுதவல்லியை அங்கே பிள்ளைகள் சந்தேகம் கேட்டு மொய்த்தார்கள். இருபது வருஷத்தில் அவரிடம் ஒருத்தரும் அப்படி வந்ததில்லை.

கல்வி அலுவலர் வந்த அன்று, தணிகாசலம் தன் 'அ' பிரிவையும் அமுதவல்லியின் 'ஆ' பிரிவையும் ஒன்றாக உட்காரவைத்துப் புகாரை அவிழ்த்தார்.

"ஐயா, இந்தம்மா ஒரு சூத்திரம்கூட மனப்பாடம் பண்ண வைக்கிறதில்ல. இவங்க பிள்ளைங்கள எம் பிள்ளைங்க மாதிரி ஒப்பிக்கச் சொல்லுங்க. முடியலைன்னா இந்தம்மாவ வீட்டுக்கு அனுப்புங்க."

"ஒப்பிக்கிறதுல சார் பிள்ளைங்கதான் கெட்டி," என்று ஒத்துக்கொண்ட அமுதவல்லி வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "ஏ கூட்டல் பியோட வர்க்கத்துல இதுவரைக்கும் ரெண்டு ஏபி. இந்த வருஷம் புத்தகத்துல மூணு ஏபின்னு மாத்திட்டாங்க. எல்லாரும் சொல்லுங்க."

"ஏ வர்க்கம், மூணு ஏபி, பி வர்க்கம்!" என்று 'அ' பிரிவு கணீரென்று ஒப்பித்தது.

'ஆ' பிரிவிலிருந்து பவளக்கொடி எழுந்தாள். "தப்பு மிஸ். ஏயும் ஒண்ணு, பியும் ஒண்ணுன்னு வச்சா, ரெண்டோட வர்க்கம் நாலு. நீங்க சொல்றதுல அஞ்சு வருதே!"

அலுவலர் திரும்பிப் பார்த்தார். தணிகாசலம் பதற்றத்தோடு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா இங்கயே இருக்கட்டும்," என்றார் அலுவலர். "நீங்க தேடி முடிச்சதும் சொல்லுங்க சார்."