எட்டு போதாத கீரி

ஏரியை ஒட்டிய ஒரு காட்டில், புலி முதல் பூரான் வரை எல்லாருக்கும் கணினி விளையாட்டுப் பித்துப் பிடித்திருந்தது. பொழுது சாய்ந்தால் புதருக்குப் புதர் திரை வெளிச்சம் தெரியும். கேளுங்கள் பிள்ளைகளே, இது அந்தக் காட்டில் இருந்த ஒரு கீரியின் கதை.

கீரிக்கு எதிலும் நிறைவு வராது. ஒரு முட்டை கிடைத்தால், இதைவிடப் பெரிய முட்டை எங்கே என்று தேடும்.

அதற்கு ஒரே ஒரு சிநேகிதம், நாரை. நாரை அந்தக் காட்டுக்காரி இல்லை. ஏரியில் தண்ணீர் இருக்கும்வரை இருப்பாள், வற்றினால் பறந்துவிடுவாள். அடுத்த வருஷம் எந்த ஊர் ஏரியில் இறங்குவாள் என்று அவளுக்கே தெரியாது.

மழை ஓய்ந்த நாள் முதல் இரண்டும் ஒரே விளையாட்டைச் சேர்ந்து ஆடிவந்தன. கீரி தன் வளைக்குள் உட்கார்ந்து ஆடும். நாரை கரையோர மருதமரத்தில் நின்றபடி அலகால் பொத்தான்களைக் கொத்துவாள். பாலைவனம், எரிமலை எல்லாம் தாண்டியாயிற்று. மிச்சம் இருந்தது பனிக்கோட்டை ஒன்றுதான். அதன் கதவை இருவர் சேர்ந்து தள்ளினால்தான் திறக்கும்.

"ஏரி வத்துறதுக்குள்ள கோட்டையைப் பிடிச்சுடணும்டா கீரி," என்றாள் நாரை.

"பிடிச்சுடலாம், பிடிச்சுடலாம்," என்றது கீரி.

ஆனால் கோட்டை வாசலுக்குப் போனதும் கீரியின் திரை திக்க ஆரம்பித்தது. பனி விழவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக ஏதோ விழுந்தது. பிறகு எல்லாம் நின்று, திரை நடுவே ஒரு வரி வந்தது: "மெமரி போதவில்லை."

படத்தைத் திரைக்குக் கொண்டுவருவது கிராபிக்ஸ் கார்டு. அந்தப் படங்களை எல்லாம் அது தனக்குள் அடுக்கி வைத்துக்கொள்ளும் இடம்தான் மெமரி. கீரியின் கார்டில் எட்டு ஜிபி இருந்தது. நாரையிடம் இருந்ததோ பழைய கார்டு, நாலே நாலு ஜிபி.

"இதுக்குப் போய் ஏன் முகத்தைத் தூக்குறே?" என்றாள் நாரை. "செட்டிங்ஸை 'நடுத்தரம்'னு மாத்து. நான் 'குறைவு'ல வச்சு ஆடலையா? நிழலைக்கூட அணைச்சுட்டேன்."

"நடுத்தரமா! நானா!" கீரியின் வால் மயிர் சிலிர்த்துக்கொண்டது. "பனித்துளி ஒவ்வொண்ணும் தனித்தனியா மினுங்கணும். இல்லேன்னா அது என்ன கோட்டை?"

"நாம பனி பாக்கவா போறோம்? கதவைத் தள்ளத்தானே போறோம்?"

கீரி பதில் சொல்வதற்குள் மரக்கிளையில் மைனா வந்து உட்கார்ந்தது. மைனாவுக்குக் காதில் பாதி விழுந்தால் வாயில் முழுசாக வரும்.

"சேதி கேட்டீங்களா! புதுக் கார்டு வருது! பதினாறு ஜிபி! ஏரி வத்துறதுக்குள்ள வருது!"

"யார் சொன்னது?" என்றாள் நாரை.

"கசிஞ்ச சேதி."

"எங்கேருந்து கசிஞ்சுது?"

"அது தெரிஞ்சா அது என்ன கசிவு?" என்று கேட்டுவிட்டு மைனா அடுத்த மரத்துக்குப் பறந்தது.

கீரி அதற்குள் பாதி தூரம் ஓடியிருந்தது.

வேலிக்காத்தான் புதரடியில் ஓணான் ஒரு கணினிக் கடை வைத்திருந்தது. ஓணானைப் பற்றி உங்களுக்குத் தெரியுமே. சும்மா உட்கார்ந்திருந்தாலும் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும்.

"ஓணான் மாமா, என் கார்டுல இன்னொரு எட்டை ஒட்டிக் குடுக்க முடியுமா?" என்றது கீரி.

"அது கார்டோட பொறந்த மெமரி, மாப்ளே. ஆமை முதுகுல இன்னொரு ஓட்டை ஒட்ட முடியுமா?"

"அப்போ இனிமே எட்டெல்லாம் போதாது, இல்லையா?"

ஓணான் தலையை ஆட்டியது.

"புதுசு வந்துட்டா, இந்தப் பழசை யாரும் சீந்த மாட்டாங்க. இப்பவே தள்ளிவிடுறதுதான் புத்திசாலித்தனம், இல்லையா?"

ஓணான் தலையை ஆட்டியது.

கீரி வளைக்கு ஓடிப்போய்க் கார்டைக் கழற்றிக் கொண்டுவந்தது. ஓணான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு சின்னத் தேனடையை எடுத்து நீட்டியது. கீரி அதை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டது. புதுக் கார்டு வாங்க அது ஆகுமே!

கார்டு போன பிறகு கீரியின் கணினியில் சீட்டாட்டம் ஒன்றுதான் ஓடியது. கீரி தனியாகச் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தது.

"ஏன்டா, இன்னைக்கு வரலையா?" என்று கேட்டாள் நாரை.

"கார்டை வித்துட்டேன். பதினாறு வரட்டும். அப்புறம் பாரு, ஒரே மூச்சுல கோட்டையைப் பிடிச்சுடலாம்."

நாரை ஏரியைத் திரும்பிப் பார்த்தாள். முன்பு முழங்கால் நனைந்த இடத்தில் இப்போது விரல்தான் நனைந்தது.

பௌர்ணமிக்கு வரும் என்றது மைனா. வரவில்லை. அமாவாசைக்கு என்றது. அதுவும் போனது. "தள்ளிப் போட்டிருக்காங்க. தள்ளிப் போட்டா நல்லதுதான், இன்னும் நல்லா செஞ்சுக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம்," என்றது. கீரிக்கு அந்த வார்த்தை தேனாக இனித்தது.

ஒருநாள் கீரி கடைக்குப் போனபோது அங்கே ஒரு முயல் நின்றிருந்தது. பயந்த சுபாவம், தன் நிழலுக்கே வழிவிட்டு நடக்கும். அதன் கையில் இருந்த கார்டைப் பார்த்ததும் கீரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓரத்தில் தன் பல் பட்ட தடம்கூட அப்படியே இருந்தது.

"மாமா," என்று முயல் மெல்லக் கேட்டது, "எனக்கு எட்டு போதுமா?"

ஓணான் தலையை ஆட்டியது.

"அடப்பாவி மாமா!" கீரி பாய்ந்து வந்தது. "அன்னைக்கு எங்கிட்ட எட்டு போதாதுன்னு சொன்னியே! இன்னைக்குப் போதும்னு சொல்றே!"

"நான் எங்க மாப்ளே சொன்னேன்? போதாதுன்னு சொன்னது நீ. போதுமான்னு கேக்குறது இவன். நான் வாயையே திறக்கலையே."

"தலையை ஆட்டினியே!"

"நான் ஓணான்டா. என் தலை எப்ப ஆடாம இருந்துச்சு?"



முயல் பயந்துபோய்க் கார்டை நீட்டியது. "கீரியண்ணே, உங்களுதுன்னு எனக்குத் தெரியாது. வேணும்னா நீங்களே எடுத்துக்குங்க. நான் வேற பாத்துக்கறேன்."

கீரியின் முன்னங்கால் ஒரு கணம் நீண்டது. பிள்ளைகளே, அன்றைக்கு அதை வாங்கியிருந்தால் அந்தச் சாயங்காலமே கோட்டைக் கதவு திறந்திருக்கும்.

ஆனால் விற்ற பொருளையே திரும்ப வாங்கினால் காடே சிரிக்காதா? கீரி காலை மடக்கிக்கொண்டது.

"எட்டு யாருக்கு வேணும்? எனக்குப் பதினாறு வருது! நீயே வச்சுக் கொண்டாடு!"

அன்று மாலை நாரை வளை வாசலுக்கே வந்தாள். கால்களில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"கீரி, ஏரியில இனிமே மீன் இல்லடா. கெளம்பணும். உனக்காகத்தான் இருக்கேன்."

"இன்னும் கொஞ்சம் பொறு. வந்துடும்."

"முயல்கிட்ட கார்டு இருக்காமே. நான் அவனைக் கூப்பிட்டுக்கட்டுமா?"

கீரி விழுந்து விழுந்து சிரித்தது. "அந்த எட்டை வச்சுக்கிட்டா? வாசல்லயே திக்கி நிக்கும், போ!"

நாரை சிரிக்கவில்லை. "சரிடா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஏரியின் நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியிருந்த நாளில், மைனா கத்திக்கொண்டே வந்தது. "வந்துடுச்சு! வந்துடுச்சு!"

கீரி தேனடையைக் கவ்விக்கொண்டு கடைக்குப் பறந்தது. ஓணான் பளபளக்கும் ஒரு பெட்டியை எடுத்து முன்னால் வைத்தது. கீரி அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தது. மறுபடியும் படித்தது.

"இதுலயும் எட்டுதானே போட்டிருக்கு?"

"ஆமா மாப்ளே."

"பதினாறு எங்கே?"

மேலே கிளையிலிருந்து மைனா சொன்னது: "அதெல்லாம் யானை மொத்தமா அள்ளிட்டாராம். எதைக் கேட்டாலும் பதில் சொல்ற பெட்டி ஒண்ணு கட்டுறாராம். அந்தப் பெட்டிக்கு மெமரிதான் தீனியாம். எவ்வளவு போட்டாலும் பசி அடங்கலையாம்."

கீரி பெட்டியை ஒருமுறை தடவிப் பார்த்தது. பிறகு தேனடையை மெல்ல முன்னால் தள்ளியது.

"சரி. இதையே குடு மாமா. நாரை காத்துக்கிட்டிருக்கா."

ஓணான் தேனடையைப் பார்த்தது. பிள்ளைகளே, அந்தக் காட்டில் யாருமே பார்க்காத ஒன்று அப்போது நடந்தது. ஓணானின் தலை ஆடாமல் நின்றது. அது வாயைத் திறந்தது.

"போதாது," என்றது. "யானை வாங்கினதுல விலை ஏறிப்போச்சு மாப்ளே. பழைய கார்டுக்கே இப்ப இதைப்போல மூணு மடங்கு கேக்குறாங்க."

கீரி ஏரிக்கு ஓடியது. அந்தக் குட்டையும் சேறாகிக் கிடந்தது. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மருதமரத்தில் வெள்ளை இறகு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மரத்தடியில் முயல் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் போனாங்க அண்ணே," என்றது முயல். "உங்களைத்தான் எதிர்பாத்தாங்க. நேத்து சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு, என்னைக் கூப்பிட்டாங்க. நாங்க கோட்டையைத் திறந்துட்டோம்."

"எட்டுலயா?"

"நடுத்தரத்துல வச்சோம். திக்கவே இல்லை."

கீரி காய்ந்த சேற்றைக் காலால் கீறியது. பிறகு கேட்டது: "உள்ளே என்ன இருந்துச்சு?"

முயல் யோசித்தது. "அவ்வளவு தெளிவாத் தெரியலை அண்ணே. ஆனா கதவு திறந்ததும் நாரையக்கா சிரிச்சாங்க பாருங்க, மரமே குலுங்கிச்சு."

கீரி திரும்பி நடந்தது. வேலிக்காத்தான் புதரைத் தாண்டும்போது மேலே இறக்கைச் சத்தம் கேட்டது.

"சேதி கேட்டீங்களா! இது போனா போகுது! அடுத்தது வருது! இருபத்துநாலு ஜிபி! அடுத்த மழைக்குள்ள!"

கீரி நின்றது. காதுகள் விறைத்தன. கடை வாசலுக்கு வந்து தலையை உள்ளே நீட்டியது.

"மாமா, இருபத்துநாலு போதும், இல்லையா?"

ஓணான் தலையை ஆட்டியது.

நீதி: வரப்போவதை நம்பிக் கையில் இருப்பதைக் கைவிட்டவருக்கு, அது வந்த பிறகும் காத்திருப்பு தீராது.