முட்டைக்குப் போகவிருந்த ரூம்

முட்டாள்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஆளுக்கொரு தெருவில் சிதறிக் கிடப்பார்கள். வண்டிமறிச்சான்குளம் அரசு மேல்நிலைப் பள்ளியில்தான் மூன்று பேரைத் தேடிப் பிடித்து, ரோபோ குழு என்று பேர் வைத்து, உட்கார ஒரு ரூமும் கொடுத்திருந்தார்கள்.

குழுத் தலைவி பதினொன்றாம் வகுப்பு பேச்சியம்மாள். வயர் வேலை இசக்கிதுரைக்கு, லேப்டாப் பொறுப்பு சாகுலுக்கு. மூவரில் பேச்சிதான் விவரமானவள் என்று மற்ற இருவரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்து முடிப்பாள். வம்பெல்லாம் அதில்தான்.

அந்த ரூம் என்றால் அவளுக்கு உயிர். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஓடாத ஒரு மின்விசிறி. வீட்டில் தம்பி தங்கைகள் நான்கு பேருக்கு நடுவில் அவளுக்கென்று ஒரு மூலைகூடக் கிடையாது. இங்கே வந்து உட்கார்ந்தால் மனசு நிறைந்துவிடும். அதனால்தான் தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் சொன்னது அவளை அப்படிச் சுட்டது.

"இந்த வருஷம் ஒரு சின்னப் பரிசாவது வாங்கிட்டு வரலைன்னா, அந்த ரூமை சத்துணவு முட்டை அடுக்கக் குடுத்துருவேன். முட்டையாவது நாலு பிள்ளைகளுக்கு ஆகும்."

அன்று பேச்சிக்குச் சோறு இறங்கவில்லை. அதுவும் அன்றைக்கு முட்டை போட்ட நாள்.

மறுநாளே வேலை மும்முரமாகத் தொடங்கியது. வெள்ளைத் தரையில் போட்டிருக்கும் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ரோபோ போக வேண்டும், போய் ஒரு பந்தைப் பெட்டியில் போட வேண்டும். அதுதான் மாவட்டப் போட்டி. இயற்பியல் ஆசிரியர் அந்தோணிராஜ் சார் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, "கோடு தெரியணும்னா கண் வேணும்லா? நான் மீட்டிங் போயிட்டு வாரேன். அதுக்குள்ள ரோபோவுக்கு ஒரு கண் வச்சிருங்க," என்று கிளம்பிப் போனார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கண் வச்சா வெளங்குமால?" என்றான் இசக்கிதுரை. "எங்க பெரியம்மை வீட்டு எருமையை ஒருத்தி கண் வச்சா. மறுநாளே பால் மறுத்துட்டு."

"சார் காரணம் இல்லாம சொல்ல மாட்டாரு," என்றாள் பேச்சி. நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். யோசிக்கும்போது அவளைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வரும். "போட்டில எத்தனை ஸ்கூலு வரும்! அவ்வளவு பேரும் கண் வைப்பாங்க. முந்திக்கிட்டு நாமளே வச்சிட்டா, அவங்க வைக்க ஒண்ணும் மிச்சம் இருக்காதுல்லா?"

அப்படியொரு அறிவை நேரில் கண்ட மலைப்பில் சாகுல் லேப்டாப்பை மூடி வைத்தான். மூவரும் ரோபோவைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"யம்மா, என்ன அழகு! என்ன மினுமினுப்பு!" என்று பெருமூச்சு விட்டாள் பேச்சி.

"இப்படி ஒண்ணு நமக்கு வாய்க்கலையே," என்று உதட்டைப் பிதுக்கினான் இசக்கிதுரை.

"பேச்சி, எனக்கு நெசமாவே வயிறு எரியுது," என்றான் சாகுல்.

"நல்லா எரியுதா? அப்படியே வை."

மீட்டிங் முடிந்து சார் வந்தார். "கண் வச்சாச்சா?"

"நீங்க ஒண்ணுதான் சொன்னீங்க. நாங்க ஆளுக்கொண்ணு வச்சிட்டோம் சார்," என்றாள் பேச்சி.

சார் ரோபோவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மேஜையில் பிரிக்காமல் கிடந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு அதிலிருந்த சென்சாரை எடுத்து, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் அவரே மாட்டினார்.

"சாகுலு, லேப்டாப்ல இருக்க புரோகிராமை ரோபோல ஏத்து. டீ குடிச்சிட்டு வந்துருதேன்," என்றார்.

புரோகிராம் லேப்டாப்புக்கு உள்ளே அல்லவா இருக்கிறது? அதைத் தனியாக வெளியே எடுத்தால் சேதமாகிவிடும் என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். லேப்டாப்போடு சேர்த்து ஏற்றி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். கனம் தாங்காமல் ரோபோவின் சக்கரங்கள் அகட்டிக்கொண்டன. சார் வந்து கட்டை அவிழ்த்து, புரோகிராமை ஏற்றி, சக்கரங்களை நிமிர்த்தினார். ஒன்று நிமிர்ந்தது. இன்னொன்று கோணல்தான். அதற்குப் பிறகு அவர் டீ குடிக்கப் போவதையே விட்டுவிட்டார்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வெள்ளை டைல்ஸ் தரையில் வெள்ளை விரிப்பு, அதன் மேல் வளைந்து வளைந்து கறுப்புக் கோடு. மேடையில் சிறப்பு விருந்தினர், ஓய்வுபெற்ற ஒரு பெரிய அதிகாரி, மைக்கில் பேசிக்கொண்டே இருந்தார். ஒருவரும் கேட்கவில்லை.

"ஓட ஆரம்பிச்ச பிறகு ரோபோவைக் கையால தொடக் கூடாது," என்றார் நடுவர்.

பேச்சி சுவிட்சைப் போட்டாள். பந்தைச் சுமந்துகொண்டு ரோபோ கோட்டில் அழகாகப் போனது. முதல் வளைவில் கோணல் சக்கரம் இழுக்க, கோட்டை விட்டு விலகி நின்றுவிட்டது. பேச்சியின் கண் முன்னால் முட்டை அட்டைகள் கூரை வரை அடுக்கி நின்றன.

"கையாலதான தொடக் கூடாது? காலால தள்ளுவோமா?" என்றான் சாகுல்.

"ஏல, ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்ச சாமானை மிதிப்பியா?" என்று பதறினான் இசக்கிதுரை.

"ஊதுவோம்," என்றாள் பேச்சி.

மூவரும் குப்புறப் படுத்துக் கன்னம் உப்ப ஊதினார்கள். மண்டபமே எழுந்து நின்று பார்த்தது. ரோபோ அசையவில்லை. ஆனால் கால் நீட்டிப் படுத்த சாகுல், மேடைக்குப் போகும் மைக் வயரை விரிப்பின் மேல் எத்திவிட்டான். கறுப்பு வயர். ரோபோ அதைக் கண்டதும் உயிர் வந்து கிளம்பியது. விரிப்பைத் தாண்டி, நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, மேடைக்கு ஏறச் சாய்த்து வைத்திருந்த பலகையில் ஏறி, மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் காலடியில் பந்தைப் போட்டுவிட்டு நின்றது.

பெரியவர் குனிந்து பந்தை எடுத்தார். "ஒரு மணி நேரமாப் பேசுறேன். என் பேச்சைக் கேட்டு எழுந்து வந்த ஒரே ஜீவன் இதுதான்," என்று கண்ணைத் துடைத்தார். விருந்தினரைப் போற்றும் சிறந்த ரோபோ என்று அந்த இடத்திலேயே ஒரு பரிசு உண்டாக்கி, கோப்பையும் கொடுத்தார்.

எஸ்தர் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. "ரூம் இனி உங்களுக்குத்தான்," என்று புதுப் பூட்டும் சாவியும் பேச்சி கையில் கொடுத்தார். "சாவியைப் பத்திரமான இடத்துல வச்சுக்கிடுங்க. நாளைக்குப் பெற்றோர் சங்கத் தலைவர் ரோபோவைப் பாக்க வருதாரு."

பேச்சி யோசித்தாள். பள்ளிக்கூடத்திலேயே பத்திரமான இடம் எது? புதுப் பூட்டுப் போட்ட ரூம்தான். சாவியை உள்ளே ரோபோவின் மேல் வைத்தாள். வெளியே வந்து பூட்டை அமுக்கிப் பூட்டி, இரண்டு முறை இழுத்தும் பார்த்தாள்.

மறுநாள் காலையில்தான் சிக்கல் புரிந்தது.

"சாவி உள்ள இருக்கு, பூட்டு வெளிய இருக்கு," என்றான் இசக்கிதுரை.

"ரோபோ உள்ளதான இருக்கு? அதுகிட்ட சாவியும் இருக்கு," என்றாள் பேச்சி. "பூட்டை மட்டும் அதுகிட்ட சேத்துட்டா அது திறந்துட்டுப் போவுது."

மூவரும் ஸ்குரூடிரைவர் எடுத்து, பூட்டு மாட்டியிருந்த கொண்டியைக் கதவிலிருந்து கழற்றினார்கள். கதவு திறந்தது. பூட்டும் கொண்டியுமாக உள்ளே போய், சாவிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்கள். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு வரிசையாக நின்றார்கள்.

தலைவரை அழைத்துக்கொண்டு எஸ்தர் டீச்சர் வந்தார். "ஏன் வெளிய நிக்குதீங்க?"

பேச்சி உதட்டில் விரலை வைத்தாள். "சத்தம் போடாதீங்க டீச்சர். உள்ள ரோபோ பூட்டைத் திறந்துக்கிட்டிருக்கு."