முக்காடு போட்ட மலை

“நாட்டையே சிரிக்க வைக்கிற வாயி, ராசாகிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்குதே,” என்றாள் முத்துப்பேச்சி, வலையை உதறிக்கொண்டே.

“சமயம் பார்த்துக் கேக்கணும், பேச்சி.”

“ஏழு வருசமா பாக்கீரு.”

அரசவை விகடன் வெள்ளையப்பன் இந்தப் பேச்சை அடிக்கடி நினைத்துக்கொள்வான். அரண்மனைச் சோறு தின்பவன் அரசர் உத்தரவில்லாமல் தாலி கட்டக்கூடாது என்பது முன்னொரு காலத்தில் அந்தக் கடற்கரை நாட்டில் இருந்த சட்டம். சபையில் எதற்கும் பதில் வைத்திருப்பவனுக்கு இதை மட்டும் கேட்க நா எழவில்லை.

அந்நாட்டில் கடலை ஒட்டி ஒரு சிகரம் இருந்தது. பாதி நாள் மேகம் அதை மூடியிருக்கும். மீனவர்கள் அதை ‘முக்காட்டு மலை’ என்றார்கள். மேகம் தோள்வரை இறங்கினால் யாரும் படகை இறக்கமாட்டார்கள்.

அரசர் கம்பீரவர்மருக்கு ஒருநாள் அந்தச் சிகரத்துக்குத் தம் பெயரையே சூட்டும் ஆசை வந்தது.

“பௌர்ணமியன்று பெயர்சூட்டு விழா. சிகரம் முழுதாகத் தெரிய வேண்டும்,” என்றார்.

அரசியின் அண்ணனும் அமைச்சருமான திருமேனியாருக்கு விகடனைக் கண்டாலே ஆகாது. “மேகத்தை விலக்கும் பொறுப்பை வெள்ளையப்பனிடம் விடலாம், அரசே. தவறினால் நாட்டைவிட்டுப் போகட்டும்,” என்றார். அரசரும் தலையசைத்துவிட்டார்.

பௌர்ணமியன்று ஊரே கரையில் கூடியது. சிகரம் இடுப்புவரை மேகத்துக்குள் இருந்தது. தூறலில் பந்தல் ஒழுகி, பொங்கல் நனைந்துகொண்டிருந்தது. பேச்சி விகடன் முகத்தையே பார்த்து நின்றாள்.

“மேகத்தை ஏன் இன்னும் விலக்கவில்லை?” என்றார் அரசர்.

“விலக்கிவிடலாம், அரசே. தங்கள் பெயரைத் தாங்கப் போவதால் மலை தங்கள் பிள்ளை. ஆகவே அமைச்சர் அதற்குத் தாய்மாமன். தாய்மாமன் மடியில் வைத்த பிறகுதானே துணியை விலக்கிக் காதில் பெயர் சொல்வது நம் முறை? அமைச்சர் மலையை மடியில் வைத்துக்கொள்ளட்டும். மறுகணம் விலக்குகிறேன்.”

திருமேனியார் மலையைப் பார்த்தார். பிறகு தம் மடியைப் பார்த்தார்.

அரசருக்குச் சிரிப்பு முட்டியது. “முறையை மீற முடியாதுதான். மேகம் இருந்துவிட்டுப் போகட்டும். பெயரையாவது வைத்துவிடலாமே?”

“வைக்கலாம். தினமும் அதைச் சொல்லப் போகிறவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். பேச்சி, உங்கள் ஐயா விடிந்ததும் என்ன கேட்பார்?”

“‘மலை முக்காடு போட்டுட்டா’ன்னு கேப்பாவ.”

“நாளை முதல் என்ன சொல்வாய்?”

பேச்சி தயங்கினாள். “மகாராசா மன்னிக்கணும். ‘கம்பீரவர்மன் மூஞ்சி கறுத்துட்டு, கடலுக்குப் போவாதீக’ன்னு சொல்லணும். ஐப்பசியில, ‘கம்பீரவர்மன் மூணு நாளா ஒழுகிட்டே இருக்கான்’னு…”

கூட்டம் அரசர் முகத்தைப் பார்த்தது. அரசர்தான் முதலில் சிரித்தார். கிரீடம் நழுவி மடியில் விழும்வரை சிரித்தார்.

“முக்காட்டு மலை முக்காட்டு மலையாகவே இருக்கட்டும். இந்தா,” என்று தம் முத்துமாலையைக் கழற்றி விகடன் கழுத்தில் போட்டார். “இது போதாது. வேறு என்ன வேண்டும், கேள்.”

வெள்ளையப்பன் வேடிக்கையாக ஒன்றைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தான், எதுவும் வரவில்லை. பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அரசே,” என்றான் மெதுவாக, “இந்த முத்துப்பேச்சியை நான் கல்யாணம் செய்துகொள்ளத் தங்கள் உத்தரவு வேண்டும்.”