ராசாவோட இடது கன்னம்

அப்படிச் சொல்லாதடி. மூஞ்சிச் சுருக்கத்துக்கு வயசு ஒண்ணுதான் காரணம்னா, ஒரே ஆளுக்கு ஒரு கன்னம் கிழமாவும் இன்னொரு கன்னம் எளசாவும் எப்படி இருக்கும்? இருந்துச்சே. ரொம்பக் காலத்துக்கு முன்னால, ஆத்தோரத்துல நொச்சிநாடுன்னு ஒரு சீமையை அதிபூபதின்னு ஒரு ராசா ஆண்டாரு. அவருக்கு இருந்துச்சு. நம்பாட்டிப் போ, முழுசாக் கேட்டுட்டுப் போ.

அந்த ராசா அறுபது வயசு வரைக்கும் தன் முகத்தை ஒழுங்காப் பாத்ததே இல்லை. அரமனையில இருந்ததெல்லாம் வெண்கலக் கண்ணாடி. அதுல பாத்தா எல்லாரும் பொன்னாட்டம் மழமழன்னுதான் தெரிவாங்க. அவரோட அப்பா வாங்கிப் போட்டது. அந்தப் பெரியவருக்கு நெஞ்சு வரைக்கும் தாடி, அதுல ஒரு தடவை சிட்டுக்குருவி கூடு கட்டி மூணு குஞ்சு பொரிச்சு... அது வேற கதை, விடு. ஒருநாள் கப்பல் வியாபாரி ஒருத்தன் ரசம் பூசின கண்ணாடியைக் காணிக்கையா வச்சான். ராசா எட்டிப் பாத்தாரு. பாத்துட்டு, "யாருய்யா அந்தக் கிழவன்?"னு கேட்டாரு.

சபையில இருந்து வாசனை அதிகாரி கஸ்தூரிராயர் மட்டும் முன்னால வந்தாரு. முகத்துல எப்பவும் வெள்ளைப் பூச்சு. சிரிச்சா கோடு விழுந்துடும்னு பன்னெண்டு வருசமா சிரிக்காத மனுசன். தம் பொண்ணு கல்யாணத்துலகூட உம்முன்னு நின்னதுல மாப்பிள்ளை வீட்டார் பயந்தே போயிட்டாங்களாம்.

"மகராசா, இது வயசு இல்லை. எண்ணெய் தேய்க்கிற கையோட கோளாறு. அந்த மாடத்தி தோலை இழுத்து இழுத்துத் தேய்ச்சு மடிப்பாக்கிட்டா. அவளை அனுப்பிட்டு என் பூச்சைப் போடுங்க."

ராயருக்கு மாடத்தி மேல ரொம்ப நாளாப் பொறாமை. அவரு ஒரு வருசம் சபையில நின்னு சொல்ல முடியாததை, அவ ஒரு சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்ல சொல்லி முடிச்சிடுவா.

ராசாவுக்குக் கண்ணாடி மேல இருந்த கோவம் மாடத்தி மேல திரும்பிச்சு. "வர்ற சனிக்கிழமைக்குள்ள உன் கை மேல குத்தம் இல்லைன்னு காட்டு. இல்லைன்னா ஆத்தைத் தாண்டிப் போயிடு"ன்னுட்டாரு.

மாடத்தி, ராணியம்மா கல்யாணமாகி வந்தப்போ கூட வந்தவ, அப்போ பன்னெண்டு வயசு. ராணி போய்ச் சேர்ந்து ஆறு வருசமாச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு குச்சு வீடுகூட இல்லை. எங்க போவா? மூணு நாள் சோறு இறங்கலை. நாலாம் நாள் காலையில, ராசா சனங்க குறை கேக்க மாடத்துல உக்காந்திருந்தப்போ கீழ நின்னு அண்ணாந்து பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் போய் வயிறாரச் சாப்பிட்டா.

சனிக்கிழமை சபை கூடிச்சு. மாடத்தி சந்தனத்தைத் தண்ணியாக் கரைச்சு ராசாவோட ரெண்டு கன்னத்துலயும் பூசினா. காய விட்டு ஈரத் துணியால ஒத்தி எடுத்தா. வலது கன்னத்துல மூணு நாலு கோட்டுலதான் சந்தனம் தங்குச்சு. இடது கன்னம் கோடையில வத்தி வெடிச்ச கண்மாய் மாதிரி இருந்துச்சு.

"ரெண்டு பக்கமும் தேய்ச்சது இதே கைதான், மகராசா."

ராயர் விடலை. "ஒரு பக்கம் அழுத்தித் தேய்ச்சிருப்பா."

"அப்படியா ராயரே? மகராசா, மன்னிக்கணும். அங்கவஸ்திரத்தைக் கொஞ்சம் விலக்குங்க. நான் இந்த ஒடம்புலயே ரொம்ப அழுத்தித் தேய்ச்சது எதைன்னு சபை பாக்கட்டும்."

ராசா தயங்கித் தயங்கி விலக்கினாரு. தொந்தி வெளிய வந்துச்சு. பூசணிக்காய் மாதிரி வழுவழுன்னு, ஒரு கோடு கிடையாது.

"நாப்பது வருசமாத் தேய்க்கிறேன். ஒரு சுருக்கம் காட்டுங்க. ஏன்னா, இது வெயிலைப் பாத்ததே இல்லை."

ராசாவே குலுங்கிச் சிரிச்சாரு. தொந்தி குலுங்கினதைப் பாத்து சபை சிரிச்சுது. ராயர் பல்லைக் கடிச்சுப் பாத்தாரு, முடியலை. பன்னெண்டு வருசச் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. பூச்சு பொளபொளன்னு உதிர்ந்துச்சு. உள்ள இருந்த முகம் ராசாவைவிடச் சுருங்கி, திட்டுத் திட்டாக் கறுத்துக் கெடந்துச்சு.

"அப்ப என் இடது கன்னம் மட்டும் ஏன் மாடத்தி?"

"மாடத்துல தெக்கே பாத்து உக்காருறீங்க. வலது பக்கம் சுவர். இடது பக்கம் கிழக்கு, காலை வெயில் நேரா அடிக்குது. அங்க ஒரு வெட்டிவேர்த் தட்டி தொங்குச்சு. நீங்கதான் அறுத்துப் போட்டீங்க."

அந்தக் காலத்துல ராணி தினம் காலையில அக்கரைக் கோயிலுக்குப் போயிட்டுப் பரிசல்ல திரும்பி வருவா. அதைப் பாக்கத்தான் புது மாப்பிள்ளையா இருந்தப்போ ராசா தட்டியை அறுத்தாரு. இப்பவும் தினம் அந்தப் பக்கமேதான் ஓரக்கண்ணால பாக்குறாரு.

"கண்ணோரத்துக் கோடு?"

"ஆத்துத் தண்ணியில வெயில் கண்ணைக் கூசும். சுருக்கிச் சுருக்கிப் பாத்தது. வாயோரத்துல இருக்கிறது, பரிசல் தெரிஞ்சதும் சிரிச்சது."

ராசா இடது கன்னத்தைத் தடவிக்கிட்டே, "இதெல்லாம் போகுமா?"ன்னாரு.

"விழுந்தது போகாது மகராசா. இனிமே விழுறதைக் கொறைக்கலாம். தட்டியைக் கட்டுங்க. வெளிய போனா குடை பிடிக்கச் சொல்லுங்க. குளிச்ச ஈரத்துலயே கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கங்க. ராயர் பூச்சு மட்டும் வேணாம்."

"இந்தச் சிரிச்ச கோடு போக வேணாம். இருக்கட்டும்"னாரு ராசா.

மறுநாளே தட்டி கட்டியாச்சு. அதுல ரெண்டு கண்ணுக்கு மட்டும் ஆத்தைப் பாக்க ஒரு சின்ன ஓட்டை. தெனம் அந்தத் தட்டிக்குத் தண்ணி தெளிக்கிற வேலை ராயருக்கு. தெளிச்சு முடிச்சு ராசாவுக்கு ஒரு சிரிப்புக் கதையும் சொல்லணும். மாடத்தி சாகுற வரைக்கும் சனிக்கிழமை எண்ணெய் அவ கைதான்.

இன்னும் உதட்டைப் பிதுக்குறியா? ஏ செண்பகம், மொட்டமாடியில சுண்டைக்கா காயப் போட்டு நாலு நாளாச்சு, அந்த முறத்தை உள்ள கொண்டா. அன்னைக்கே பறிச்சதுல கொஞ்சம் நிழல்ல கூடையில வச்சோமே, அதுலயும் ஒரு கை அள்ளிட்டு வா. ரெண்டையும் இவ மடியில போடு, எது சுருங்கிக் கெடக்குன்னு இவளே பாக்கட்டும்.